சார்ட்டுக்கு அடியில் டேட்டா டேபிள்: வைக்கலாமா, வேறு வழி பார்க்கலாமா?

ரிப்போர்ட் தயாரிக்கிற எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். எக்செல்லில் சார்ட் போட்டாயிற்று, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது, மேலதிகாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு "எல்லாம் சரி, நம்பர் எங்கப்பா?" என்று கேட்கிறார். உடனே சார்ட்டின் ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி 'டேட்டா டேபிள்' என்பதை டிக் செய்துவிடுகிறோம். அடியில் ஓர் அட்டவணை வந்து உட்கார்ந்துகொள்கிறது, மேலே இருந்த படம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அப்புறம் அதைச் சரிசெய்கிறேன் என்று அரை மணி நேரம் போகிறது.

என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஃபான்ட் அளவை எப்படிக் குறைப்பது, கோட்டை எப்படி எடுப்பது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த டேபிள் அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்பது. எண்ணைக் காட்ட நான்கு வழி இருக்கிறது: சார்ட்டின் சொந்த டேட்டா டேபிள், பட்டைகளின் மேலேயே எண் போடும் டேட்டா லேபிள், சார்ட்டுக்குக் கீழே செல்களிலேயே ஓர் அட்டவணை, கடைசியாக சார்ட்டே வேண்டாம் என்று வெறும் அட்டவணை.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். எக்செல்லில் 'டேட்டா' மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸுக்குள் இருக்கும் டேட்டா டேபிள் வேறு, 'இன்சர்ட்' மெனுவில் இருக்கும் டேபிள் வேறு. இங்கே பேசுவது சார்ட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் டேபிளைப் பற்றி மட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

படிப்பவர் எண்ணைத் தேடுகிறாரா, போக்கைப் பார்க்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. 'ஏறுகிறதா இறங்குகிறதா' என்று மட்டும் பார்ப்பவருக்கு டேபிள் வெறும் இரைச்சல். அடுத்தது எத்தனை எண் என்பது. ஏழு ஆண்டும் இரண்டு வரிசையும் என்றால் 14 எண், பன்னிரண்டு மாதமும் ஐந்து கிளையும் என்றால் 60, இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. மூன்றாவது, இந்தச் சார்ட் எங்கே போகப்போகிறது: அதே ஷீட்டில் இருக்குமா, வேர்டுக்கோ பவர்பாயின்டுக்கோ போகுமா, படமாகி வாட்ஸ்அப்பில் போகுமா, கறுப்பு வெள்ளை பிரிண்டா? நான்காவது, அடுத்த முறை இதைத் தொடப்போவது யார். ஐந்தாவது, அவரிடம் இருக்கும் மென்பொருள் என்ன.

ஐந்தில் என்னைப் பொறுத்தவரை பெரியது மூன்றாவதுதான். ஷீட்டை விட்டு வெளியே போகாத சார்ட்டுக்கு டேட்டா டேபிள் தேவைப்பட்டதாக எனக்கு ஒருமுறைகூட நினைவில்லை.

## கையில் ஓர் உதாரணம்

பொத்தாம்பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் தமிழ்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களையே எடுத்துக்கொள்வோம். கோடியில்:

| ஆண்டு | கிராமம் | நகரம் | மொத்தம் |
|---|---|---|---|
| 1951 | 2.28 | 0.73 | 3.01 |
| 1961 | 2.47 | 0.90 | 3.37 |
| 1971 | 2.87 | 1.25 | 4.12 |
| 1981 | 3.25 | 1.60 | 4.84 |
| 1991 | 3.68 | 1.91 | 5.59 |
| 2001 | 3.49 | 2.75 | 6.24 |
| 2011 | 3.72 | 3.49 | 7.21 |

1981 வரியைப் பாருங்கள். 3.25-ம் 1.60-ம் சேர்ந்தால் 4.85 வர வேண்டும், அட்டவணையில் 4.84 இருக்கிறது. யாரும் தப்பாகத் தட்டவில்லை. உண்மையான எண்கள் 3,24,56,202, 1,59,51,875, மொத்தம் 4,84,08,077. தனித்தனியாக ரவுண்ட் செய்ததில் வந்த வித்தியாசம் அது. சரி, மூன்று தசமம் வைத்தால் போயிற்று என்று நினைத்தால், 1981 சரியாகிவிடும், இதுவரை ஒழுங்காக இருந்த 1971 கெட்டுவிடும்: 2.873-ம் 1.246-ம் கூட்டினால் 4.119, ஆனால் மொத்தம் 4.120 என்று நிற்கும். எண்ணை வெளியே காட்டுவதற்கு இதுவும் ஒரு விலை. வெறும் பட்டையாக இருந்தால் யாருக்கும் தெரியாது, எண் போட்டவுடனே கால்குலேட்டரோடு ஒருவர் வந்துவிடுவார். கீழே 'தனித்தனியாக முழுமையாக்கியதால் கூட்டலில் சிறு வேறுபாடு வரலாம்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

## 1. சார்ட்டின் சொந்த டேட்டா டேபிள்

இதன் பலம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய பலம்: படமும் எண்ணும் ஒரே பொருள். சார்ட்டைக் காப்பி செய்து எங்கே ஒட்டினாலும் எண் கூடவே போகும். மூல எண் மாறினால் டேபிளும் தானே மாறும். லெஜண்ட் கீயோடு வைத்தால் நிறக் குறிகள் டேபிளின் இடது ஓரத்திலேயே வந்துவிடும், தனியாக லெஜண்ட் (எந்த நிறம் எதற்கு என்று சொல்லும் பெட்டி) தேவையில்லை, அதை அழித்து இடத்தை மீட்கலாம். முதலில் செய்ய வேண்டியதே இதுதான், ஆனால் பத்துக்கு எட்டுப் பேர் இரண்டையும் வைத்துக்கொண்டு இடம் போதவில்லை என்கிறார்கள்.

ஃபார்மட் என்று பார்த்தால் கையில் கிடைப்பது கொஞ்சம்தான். குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு, வெளிக்கோடு என்று மூன்றையும் தனித்தனியாக எடுக்கலாம், வைக்கலாம் (நான் குறுக்குக் கோட்டை மட்டும் வெளிர் சாம்பல் நிறத்தில் வைப்பேன், மற்றதை எடுத்துவிடுவேன், பாதி நெரிசல் போய்விடும்). ஃபான்ட் மாற்றலாம், ஆனால் டேபிள் முழுக்க ஒரே ஃபான்ட், ஒரே அளவு. மொத்த வரியை மட்டும் தடித்த எழுத்தாக்கவோ, குறைந்த எண்ணைச் சிவப்பாக்கவோ முடியாது. டேபிளை மேலே நகர்த்த முடியாது. அதற்குள் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்யவும் முடியாது.

எண் எப்படித் தெரிய வேண்டும் என்பதை டேபிளில் தேடாதீர்கள், அது மூலச் செல்களின் ஃபார்மட்டைத்தான் பின்பற்றும். லட்சம், கோடி என்று காற்புள்ளி விழ வேண்டுமென்றால் மூலச் செல்லில் கஸ்டம் ஃபார்மட்டாக இதைப் போடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

நெகட்டிவ் எண்ணில் இது பழையபடி ஆயிரம், மில்லியன் கணக்கிலேயே காற்புள்ளி போடும், நஷ்டக் கணக்குக்குப் பயன்படுத்துபவர்கள் கவனிக்கவும். ஆனால் 7,21,47,030 என்று முழுசாகக் காட்டத் தேவையும் இல்லை. டேபிளின் ஒவ்வொரு கட்டத்தின் அகலமும் மேலே இருக்கும் பட்டைக்கு ஒதுக்கிய அகலம்தான், அதைத் தனியாக அகலமாக்க முடியாது. இடம் பத்தாவிட்டால் எண் உடைந்து இரண்டு வரியாகி 7,21,47, மேலேயும் 030 கீழேயும் நிற்கும். பக்கத்து வரிசையில் ஒரு கோடியால் வகுத்து 0.00 ஃபார்மட்டில் வைத்து, சார்ட்டுக்கு அந்த வரிசையைக் கொடுங்கள், தலைப்பில் 'கோடியில்' என்று எழுதுங்கள். முடிந்தது.

இனி, கண்ணுக்குத் தெரியாத செலவுகள்.

சீரிஸ் (கிராமம், நகரம் போல சார்ட்டில் வரும் ஒவ்வோர் எண் வரிசையும் ஒரு சீரிஸ்) பெயர் நீளமாக இருந்தால் இடது ஓரம் வீங்கி படத்தைத் தின்னும். 'கிராமப்புற மக்கள்தொகை (கோடியில்)' என்று வைத்தால் படத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், 'கிராமம்' போதும்.

அடுக்குப் பட்டையில் (ஸ்டேக்டு காலம்) முதல் சீரிஸ் அடியில் இருக்கும், டேபிளிலோ அதே சீரிஸ் மேல் வரியில் இருக்கும். கிராமம் படத்தில் கீழே, டேபிளில் மேலே. இரண்டே வரிசை என்றால் கண் சமாளித்துக்கொள்ளும், ஐந்து என்றால் படிப்பவர் தலைகீழாக நின்றுதான் பொருத்த வேண்டும்.

படுக்கைவாட்டுப் பட்டையில் (பார் சார்ட்) டேபிள் அடியில் வரும், பட்டைகளோ இடமிருந்து வலமாக ஓடும், இரண்டுக்கும் நேர்க்கோடே கிடையாது. வைக்காதீர்கள். பை சார்ட், ஸ்கேட்டர், பபிள், ரேடார் இதற்கெல்லாம் இந்த வசதியே இல்லை.

காலி எண்ணுக்காக என்.ஏ ஃபங்ஷன் (#N/A என்ற பிழைக் குறியைத் தருவது) போட்டு வைத்திருப்பீர்கள், லைன் சார்ட்டில் கோடு பூஜ்யத்துக்கு இறங்காமல் இருக்க அது நல்ல வழிதான், ஆனால் டேபிளில் அந்தப் பிழைக் குறி அப்படியே பல்லை இளிக்கும்.

இன்னொன்று, ஆண்டு. 1951, 1961 என்று எண்ணாக இருப்பதால் எக்செல் அதையும் ஒரு சீரிஸ் என்று எடுத்துக்கொண்டு டேபிளில் ஒரு வரியாகவே போட்டுவிடும், பட்டையும் இரண்டாயிரம் உயரத்துக்கு எழும், மற்றதெல்லாம் தரையில் ஒட்டிக்கொள்ளும். சார்ட் போடுவதற்கு முன் இடது மேல் மூலைச் செல்லை, அதாவது 'ஆண்டு' என்று எழுதியிருக்கும் செல்லை, காலியாக்கிவிட்டுத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

மொத்த வரி வேண்டுமா? டேபிள் சார்ட்டில் இருக்கும் சீரிஸை மட்டுமே காட்டும் என்பதால் மொத்தத்தையும் ஒரு சீரிஸாகச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு, அதை மட்டும் லைன் வகைக்கு மாற்றி, 'நோ லைன்' கொடுத்துவிடுங்கள். படத்தில் மறைந்துவிடும், டேபிளில் மூன்றாவது வரியாக இருக்கும். அடுக்குப் பட்டையின் உயரமும் மொத்தமும் ஒன்றுதான் என்பதால் அளவுகோல் கெடாது. பக்கத்துப் பக்கத்துப் பட்டை என்றால் மொத்தம் வந்து அளவுகோலை நீட்டிவிடும், அப்போது அதை செகண்டரி ஆக்சிஸுக்கு (வலப்பக்கத்தில் வரும் இரண்டாவது அளவுகோல்) அனுப்பி, அந்த ஆக்சிஸின் லேபிளை 'நன்' என்று வையுங்கள். டெலீட் பட்டனைத் தட்டி ஆக்சிஸை அழித்தால் சீரிஸ் மறுபடி பழைய அளவுகோலுக்கே வந்துவிடும். இதில் நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

இது நல்ல தந்திரம்தான். ஆனால் அடுத்த ஆண்டு அந்த ஃபைலைத் திறப்பவருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீரிஸ் எங்கேயிருந்து வருகிறது என்று புரியாது. பக்கத்துச் செல்லில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

## 2. பட்டையின் மேலேயே டேட்டா லேபிள்

கண் எங்கேயும் போய்த் தேட வேண்டியதில்லை, எண் அது சொல்லும் பட்டையிலேயே இருக்கிறது. எண்கள் குறைவாக இருந்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு லேபிளையும் தனியாகத் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்கலாம், நிறம் மாற்றலாம், தேவையில்லாததை அழிக்கலாம். டேபிளில் இல்லாத சுதந்திரம் இது.

நம் உதாரணத்தில் சொல்ல வேண்டிய செய்தி என்ன? 1991-க்கும் 2001-க்கும் நடுவில் கிராம எண் 3.68-லிருந்து 3.49-க்கு இறங்கியிருக்கிறது, நகரம் 1.91-லிருந்து 2.75-க்குத் தாவியிருக்கிறது. அந்த நான்கு பட்டைக்கும் மட்டும் லேபிள் வைத்து மீதியை விட்டுவிட்டால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். அதே சார்ட்டில் டேட்டா டேபிள் வைத்தால் 3.49 என்ற எண் 2001 கிராமத்திலும் இருக்கும், 2011 நகரத்திலும் இருக்கும், மொத்த வரியையும் சேர்த்து 21 எண்களுக்கு நடுவில் சரிவை அவரேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எக்செல் 2013 முதல் 'வேல்யூ ஃப்ரம் செல்ஸ்' என்ற வசதியும் இருக்கிறது. பட்டை மக்கள்தொகையைக் காட்டும், லேபிளில் நகரப் பங்கு 24.3%, 48.4% என்று வேறு வரிசையிலிருந்து எடுத்துப் போடலாம்.

செலவு: நெரிசல். மூன்று கோடு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் லைன் சார்ட்டில் லேபிள் வைத்தால் எண் மேல் எண் விழும், ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்தி வைப்பீர்கள், அடுத்த மாதம் டேட்டா மாறினால் மறுபடியும் அதே வேலை.

## 3. கீழே செல்களிலேயே அட்டவணை

பல இடங்களில் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். சார்ட் மேலே, அதற்கு நேர் கீழே செல்களில் எண்கள். மொத்த வரியைத் தடிக்கலாம், கண்டிஷனல் ஃபார்மட்டிங் (எண்ணைப் பொறுத்துச் செல்லின் நிறம் தானே மாறுவது) போடலாம், சார்ட்டில் வராத சதவீத வரியைச் சேர்க்கலாம், யாருக்காவது ஓர் எண் வேண்டுமென்றால் செல்லைக் காப்பி செய்து எடுத்துக்கொள்ளலாம். சார்ட்டின் மூல எண்களே அங்கே இருந்துவிட்டால் அந்த அட்டவணைக்கென்று தனி வேலையும் இல்லை.

ஆனால் பட்டையும் பத்தியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும், அதில்தான் பொறுமை வேண்டும். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு சார்ட்டின் ஓரத்தை இழுத்தால் அது செல் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் பத்தியில் 'கிராமம்', 'நகரம்' என்ற பெயர்கள் இருக்கும் அல்லவா, அந்த அகலத்துக்கு மேலே சார்ட்டின் நெடுக்கு ஆக்சிஸ் எண்கள் வருமாறு உள்படத்தை (பட்டைகள் மட்டும் இருக்கும் உள்பகுதியை) இழுத்து வையுங்கள். உள்படம் செல் கோட்டில் ஒட்டாது, கண்ணளவுதான். ப்ராப்பர்ட்டீஸில் 'மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்' இருந்தால் பின்னால் பத்தி அகலத்தை மாற்றினாலும் சார்ட்டும் கூடவே நீளும்.

வெளியே எடுத்துப் போக முடியாது என்பதுதான் இதன் மேல் சொல்லப்படும் குறை. பாதிதான் உண்மை. சார்ட்டும் அட்டவணையும் இருக்கும் செல்கள் முழுவதையும் தேர்ந்தெடுத்து 'காப்பி ஆஸ் பிக்சர்' கொடுத்தால் இரண்டும் ஒரே படமாக வரும். தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டுமென்றால் அதே எக்செல் ஃபைலுக்குள் 'லிங்க்ட் பிக்சர்' ஆக இன்னொரு ஷீட்டில் ஒட்டலாம், டாஷ்போர்டுக்கு அருமையான வழி. பிரிண்டில் மட்டும் சில நேரம் எழுத்து கொஞ்சம் மங்கலாக வரும்.

கூகுள் ஷீட்ஸில் சார்ட்டோடு அட்டவணையும் வேண்டுமென்றால் தேர்வே இல்லை, இந்த வழிதான். அங்கே சார்ட்டோடு ஒட்டிய டேட்டா டேபிள் கிடையாது. 'டேபிள் சார்ட்' என்று ஒன்று இருக்கிறது, அது தனி வகை, பட்டையோடு சேராது. லிப்ரே ஆபீஸில் இந்த வசதி 7.5 பதிப்பில், 2023 பிப்ரவரியில்தான் வந்தது. எதிரில் இருப்பவர் அதற்கும் பழைய பதிப்பை வைத்திருந்தால் நீங்கள் எக்செல்லில் பார்த்துப் பார்த்துச் செய்த டேபிள் அவர் திரையில் இருக்காது.

## 4. சார்ட்டே இல்லாமல் அட்டவணை

படிப்பவர் ஆடிட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம். 60 எண் இருக்கிறது, எல்லாமே வேண்டும் என்றாலும் இதுதான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு ஸ்பார்க்லைன் போட்டால் (ஒரே செல்லுக்குள் அடங்கும் குட்டிக் கோட்டுப் படம், எக்செல் 2010 முதல் இருக்கிறது, கூகுள் ஷீட்ஸில் அதே பெயரில் ஃபங்ஷன்) போக்கும் தெரிந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு ஸ்பார்க்லைனும் தன் வரிக்குத் தனி அளவுகோல் வைத்துக்கொள்ளும், அதனால் 0.73-லிருந்து 3.49-க்குப் போன நகரமும் 2.28-லிருந்து 3.72-க்குப் போன கிராமமும் ஒரே அளவு ஏறினதுபோல் தெரியும். ஆக்சிஸ் அமைப்பில் குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டையும் எல்லா ஸ்பார்க்லைனுக்கும் ஒன்றாக்கிவிடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | டேட்டா டேபிள் | டேட்டா லேபிள் | செல் அட்டவணை | வெறும் அட்டவணை |
|---|---|---|---|---|
| தாங்கும் எண்கள் | 15–25 | 10 வரை | 40 வரை | எவ்வளவும் |
| தனி எண்ணை எடுத்துக்காட்ட | முடியாது | சுலபம் | சுலபம் | சுலபம் |
| வேர்ட், பவர்பாயின்டுக்கு | அப்படியே போகும் | அப்படியே போகும் | படமாக | வேர்ட் டேபிளாக |
| வாட்ஸ்அப் படமாக | எழுத்து சிறுத்துவிடும் | நன்று | சுமார் | சுமார் |
| கூகுள் ஷீட்ஸ் | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| புதுப்பிக்கும் வேலை | இல்லை | நெரிந்தால் உண்டு | பத்தி சேர்த்தால் உண்டு | இல்லை |

மேல் வரியில் இருக்கும் எண்ணிக்கை என் அனுபவக் கணக்குதான், ஏ4 அகலத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

## ஒட்டும்போது கூடவே போகிற சாமான்

டேட்டா டேபிளின் பெரிய பலம் 'ஒரே பொருளாகப் போகும்' என்று சொன்னேன். அதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. பவர்பாயின்டில் சார்ட்டை ஒட்டும்போது 'எம்பெட் வொர்க்புக்' என்ற தேர்வைக் கொடுத்தால் சார்ட் மட்டும் போகாது, மொத்த எக்செல் ஃபைலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், மற்ற ஷீட்டுகள் உட்பட. முன்பு வேலை பார்த்த இடத்தில் விற்பனைச் சார்ட் ஒன்றை இப்படி ஒட்டி வெளியாருக்கு அனுப்பிவிட்டேன். அதே ஃபைலின் மூன்றாவது ஷீட்டில் எங்கள் பிரிவின் சம்பள விவரம் இருந்தது. சார்ட்டை ரைட் கிளிக் செய்து 'எடிட் டேட்டா' கொடுத்த ஒரு நல்ல மனிதர் எனக்கு மட்டும் போன் செய்து சொன்னார், அதனால் தப்பித்தேன். 'லிங்க் டேட்டா' கொடுத்தால் ஃபைல் உள்ளே போகாது, ஆனால் மூல ஃபைலை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். வெளியே அனுப்புவதென்றால் நான் இப்போது படமாக மட்டும்தான் ஒட்டுகிறேன்.

## அப்படியென்றால் எதை எடுப்பது

வேர்டில் போகும் அச்சு அறிக்கை, எட்டுக்குள் ஆண்டுகளோ மாதங்களோ, இரண்டு மூன்று வரிசை, நிற்கும் பட்டை அல்லது கோடு, படிப்பவருக்குப் படமும் வேண்டும் துல்லிய எண்ணும் வேண்டும்: டேட்டா டேபிளைத் தாராளமாக வையுங்கள், லெஜண்டை எடுத்துவிடுங்கள். மக்கள்தொகை உதாரணம் இதில் அச்சாகப் பொருந்தும். 2021-ல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் ஏழு பத்தியோடு நிற்கிறது, எட்டாவது வந்தாலும் இடம் இருக்கிறது.

கூட்டத்தில் பெரிய திரையில் காட்டுவதற்கு லேபிள், அதுவும் பேசப்போகிற எண்ணுக்கு மட்டும். மாதாமாதம் அதே ஷீட்டில் பார்க்கிற கணக்குக்குக் கீழே செல் அட்டவணை. பன்னிரண்டு மாதம், ஐந்து கிளை என்று கேட்பவர்கள்தான் அதிகம், அவர்களுக்கு டேட்டா டேபிள் வேண்டவே வேண்டாம்: சார்ட்டில் மொத்த விற்பனையை மட்டும் ஒரே கோடாகக் காட்டுங்கள், கிளை வாரியான எண்கள் கீழே செல்களில், வரிக்கொரு ஸ்பார்க்லைனோடு இருக்கட்டும். "எல்லாத்தையும் ஒரே சார்ட்லயே போடுப்பா" என்று மேலதிகாரி பிடிவாதம் பிடித்தால் இரண்டையும் செய்து, ஏ4-ல் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஆறு பாயின்ட் எழுத்தில் உடைந்து நிற்கும் 60 எண்களைப் பார்த்ததும் அவரே கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தாளை எடுத்துக்கொள்வார்.